ஒரே பெயருள்ள முனைகளை இணைக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில், மாடித் தொட்டியின் நீர்மட்டத்தை மிதவைச் சுவிட்சு ஒன்றின் மூலம் அறிந்து கைப்பேசிக்குத் தெரிவிக்கும் கருவியைச் செய்யும் முறை வெளியாகியிருந்தது. பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் பிறர் துணையின்றிப் படித்துப் புரிந்துகொள்ளத்தக்க நடையில் இத்தகைய கட்டுரைகள் தமிழில் வருவது அரிது என்பதால் அதை இருமுறை படித்தேன். நிரலைப் பற்றிய விளக்கம் நன்றாக இருந்தது. ஆனால் உடன் வந்த இணைப்புப் படத்தில் மூன்று பிழைகள் இருந்தன. கணினியின் யு.எஸ்.பி. போர்ட்டில் செருகும் சீரியல் கேபிளின் டி.எக்ஸ். (தகவலை அனுப்பும்) வயர், இ.எஸ்.பி.-01 என்னும் சிறு வை-ஃபை பலகையின் டி.எக்ஸ். முனைக்கும், ஆர்.எக்ஸ். (தகவலைப் பெறும்) வயர் ஆர்.எக்ஸ். முனைக்கும் செல்வதாக வரையப்பட்டிருந்தது. கேபிளின் சிவப்பு வயர் நேராகப் பலகைக்கு மின்சாரம் கொடுக்கும் மின்முனைக்குப் போயிருந்தது. கிரவுண்ட் இணைப்பு, அதாவது இரு கருவிகளுக்கும் பொதுவான சுழிய வோல்ட் இணைப்பு, படத்தில் இல்லவே இல்லை. கீழே, 'ஒரே பெயருள்ள முனைகளை இணைக்கவும்' என்ற வரியும் இருந்தது.

பாலிடெக்னிக் கல்லூரிகளின் மின்னணுவியல் ஆய்வகங்களில் பயிற்றுநராக 26 ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இந்த முதல் பிழை எதையும் உடனே எரித்துவிடுவதில்லை. புகை வராது, சூடு தெரியாது, திரையில் எதுவும் வராது, அவ்வளவுதான். அதனால் மாணவர் வயரைச் சந்தேகிப்பதில்லை. தம் நிரலைச் சந்தேகிக்கிறார். இறுதியாண்டுச் செயல்திட்டத்துக்காக மூன்று நாள்கள் நிரலை மாற்றி மாற்றி எழுதி, நான்காம் நாள் அழும் நிலையில் என் மேசைக்கு வந்த இரு மாணவியரை இன்றும் நினைக்கிறேன். அவர்களுடைய நிரலில் ஒரு குறையும் இல்லை. இரண்டு வயர்களை இடம் மாற்றியதும் அவர்களது பலகை பேசத் தொடங்கியது.

ஒரே பெயருள்ளவற்றை இணைக்க வேண்டும் என்று எண்ணுவது அறியாமை அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மின்னணுவியலில் ஏறத்தாழ மற்ற எல்லா இடங்களிலும் அதுவே சரியான வழி. மின்முனையை மின்முனையோடும், கிரவுண்டைக் கிரவுண்டோடும் இணைக்கிறோம். சில்லுகள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஐ2சி என்னும் முறையில் எஸ்.டி.ஏ. முனை எஸ்.டி.ஏ. முனைக்கும் எஸ்.சி.எல். முனை எஸ்.சி.எல். முனைக்கும் செல்கிறது. எஸ்.பி.ஐ. என்னும் இன்னொரு முறையில் நெடுங்காலம் வழங்கிய மோசி (தலைமைக் கருவியிலிருந்து வெளியே), மிசோ (தலைமைக் கருவிக்கு உள்ளே) என்ற பெயர்களும் அப்படியே இணைக்கத் தக்கவை. ஏனெனில் அந்தப் பெயர் கருவிக்கு உரியதன்று, வயருக்கு உரியது. இந்த வயரில் தகவல் எந்தத் திசையில் போகிறது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுவதால், இரு முனையிலும் ஒரே பெயரை எழுதலாம். மைக்ரோகண்ட்ரோலர் என்னும் கட்டுப்பாட்டுச் சில்லின் சீரியல் முனைகளில் நிலைமை வேறு. டி.எக்ஸ். என்றால் 'நான் அனுப்புகிறேன்', ஆர்.எக்ஸ். என்றால் 'நான் பெறுகிறேன்' என்று பொருள். இங்கே 'நான்' என்பது அந்தந்தப் பலகை. ஒருவர் வாய் மற்றவர் செவிக்குத்தானே பேச வேண்டும்? அதனால் ஒன்றின் டி.எக்ஸ். மற்றதன் ஆர்.எக்ஸ். முனைக்குச் செல்ல வேண்டும்.

இதோடு நிறுத்திக்கொண்டு, 'எப்போதும் மாற்றி இணைக்கவும்' என்று ஒரு விதியை அச்சிட்டுவிட்டால் போதுமே என்று தோன்றும். போதாது. அந்த விதியும் சில இடங்களில் மாணவரை ஏமாற்றும். அதற்கான காரணம் பழைய வரலாற்றில் இருக்கிறது.

கணினியின் பின்புறம் ஒன்பது முனைகளோடு இருந்த பழைய சீரியல் போர்ட் ஆர்.எஸ்.-232 என்னும் தரத்தைப் பின்பற்றியது. 1960இல் அமெரிக்காவில் வெளியான அந்தத் தரம், தொலைபேசி வழியில் தகவல் அனுப்பும் மோடத்தை ஒரு முனையக் கருவியோடு, அதாவது கணினி போன்ற ஒன்றோடு, இணைப்பதற்காக எழுதப்பட்டது. அதில் முனையக் கருவிக்கு ஓர் இடம், மோடத்துக்கு ஓர் இடம் என்று இரண்டு பாத்திரங்கள் உண்டு. எல்லா வயர்களுக்கும் முனையக் கருவியின் பக்கத்திலிருந்து பெயரிட்டார்கள். அதாவது, முனையக் கருவி அனுப்பும் வயருக்கு 'அனுப்பும் தகவல்' என்று பெயர்; அதே வயர் மோடத்துக்குள் நுழையும் இடத்திலும், அங்கே மோடம் பெறுகிறது என்றாலும், 'அனுப்பும் தகவல்' என்றே பெயர். எனவே மோடத்தையும் கணினியையும் இணைக்கும் கேபிளில் வயர்கள் நேராகவே செல்லும். ஒரே பெயர் ஒரே பெயரோடுதான் சேரும். இரண்டு கணினிகளை, அதாவது இரண்டு முனையக் கருவிகளை, மோடம் இல்லாமல் நேரடியாக இணைக்க விரும்பியபோதுதான் வயர்களை மாற்றிக் கட்டும் தனிக் கேபிள் தேவைப்பட்டது.

அந்தப் பழக்கம் முற்றிலும் மறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். யு-பிளாக்ஸ் நிறுவனத்தின் சாரா வகை செல்பேசித் தொகுதிகளில் டி.எக்ஸ்.டி. என்று குறிக்கப்பட்ட முனை, அந்தத் தொகுதி தகவலைப் பெறும் முனை. வி.24 என்னும் பன்னாட்டுத் தொலைத்தொடர்புப் பரிந்துரையின்படி தொகுதியை மோடமாகக் கொண்டு அவர்கள் பெயரிட்டிருக்கிறார்கள். அவர்களது தரவுத் தாளில் அது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் மீது குறை சொல்ல இடமில்லை. ஆனால் 'எப்போதும் மாற்றி இணைக்கவும்' என்று மனப்பாடம் செய்த மாணவர் அங்கே தவறிவிடுவார். பழைய போர்ட்டிலும் இன்னொரு குழப்பம் உண்டு. 25 முனைகள் கொண்ட இணைப்பியில் கணினி அனுப்பும் வயர் இரண்டாம் முனையிலும் பெறும் வயர் மூன்றாம் முனையிலும் இருந்தன. 1984இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் ஏ.டி. வகைக் கணினியில் ஒன்பது முனை இணைப்பியைக் கொண்டுவந்தபோது, அனுப்பும் வயர் மூன்றுக்கும் பெறும் வயர் இரண்டுக்கும் இடம் மாறின. ஆய்வகக் கையேடுகள் சிலவற்றில் ஒன்றின் எண்ணை மற்றதன் படத்தோடு அச்சிட்டிருப்பதை நானே திருத்தியிருக்கிறேன்.

ஆகவே மாணவருக்குக் கற்பிக்க வேண்டியது நேராகவா மாற்றியா என்பதை அன்று. இந்தப் பெயரை எந்தக் கருவியின் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள், இந்த வயரில் தகவல் எந்தத் திசையில் போகிறது என்ற இரு கேள்விகளையே கற்பிக்க வேண்டும். படத்தில் பெயருக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி இருந்தால் இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும். இதைச் செய்து காட்டிய பலகைகள் உண்டு. ஸ்பார்க்ஃபன் நிறுவனத்தின் அர்டுயினோ புரோ மினி என்னும் சிறு மைக்ரோகண்ட்ரோலர் பலகையில் வெறும் டி.எக்ஸ்., ஆர்.எக்ஸ். என்று அச்சிடாமல், வெளியே செல்வது என்பதற்கு ஓ என்ற எழுத்தையும் உள்ளே வருவது என்பதற்கு ஐ என்ற எழுத்தையும் சேர்த்து டி.எக்ஸ்.ஓ., ஆர்.எக்ஸ்.ஐ. என்று அச்சிட்டார்கள். ஒரேயோர் எழுத்துதான், ஆனால் ஐயத்துக்கே இடமில்லை. அதே பலகையில் ஆறு முனை வரிசையின் ஒரு கோடியில் கறுப்பு என்றும் மறுகோடியில் பச்சை என்றும் குறித்திருப்பார்கள். எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் யு.எஸ்.பி. சீரியல் கேபிளில் இருக்கும் கறுப்பு வயரையும் பச்சை வயரையும் அந்தக் குறிகளுக்கு நேராக வைத்துச் செருகினால் போதும். கேபிளின் அனுப்பும் வயர் பலகையின் பெறும் முனைக்கு எதிரில் தானாகவே வந்துவிடும். மாற்றி இணைக்கும் வேலையைப் பலகையை வடிவமைத்தவரே செய்து முடித்துவிட்டார்.

நிறத்தைக் குறிப்பிட்டதால் அதைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். மேலே சொன்ன எஃப்.டி.டி.ஐ. கேபிளில் கறுப்பு கிரவுண்ட், பழுப்பு சி.டி.எஸ். என்னும் கட்டுப்பாட்டு வயர், சிவப்பு மின்வயர், ஆரஞ்சு அனுப்புவது, மஞ்சள் பெறுவது, பச்சை ஆர்.டி.எஸ். என்னும் கட்டுப்பாட்டு வயர். ராஸ்பெரி பை என்னும் சிறு கணினிப் பலகைகளுக்கென விற்கப்படும் நான்கு வயர் கேபிள்களிலோ பச்சை வயர்தான் கணினி அனுப்புவது. வெள்ளை வயர் கணினி பெறுவது. வீட்டு மின்வேலை கற்ற ஐ.டி.ஐ. மாணவருக்குப் பச்சை என்றால் எர்த், கறுப்பு என்றால் நியூட்ரல். மூன்று மரபிலும் பச்சைக்கு மூன்று பொருள். எனவே 'பச்சை வயரை இங்கே இணைக்கவும்' என்று அச்சிடுவது, எந்தக் கேபிளின் பச்சை என்று சொல்லாதவரை, வழிகாட்டுதல் ஆகாது. ராஸ்பெரி பையின் 40 முனை வரிசையில் எட்டாம் முனை அனுப்புவது, பத்தாம் முனை பெறுவது, ஆறாம் முனை கிரவுண்ட். அப்படியானால் வெள்ளை எட்டுக்கும் பச்சை பத்துக்கும் கறுப்பு ஆறுக்கும் செல்லும். நிறம், எண், திசை ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதினால் பிழைக்கு இடமில்லை.

இனி மின்னழுத்தம். தங்கள் படத்தின் இரண்டாம் பிழை இங்கேதான் இருக்கிறது. இது பலகையையே கொன்றுவிடக்கூடியது. சீரியல் கேபிள்களில் '3.3 வோல்ட்' என்று எழுதி விற்கும் வகை ஒன்று உண்டு. அது தகவல் வயர்களின் மின்னழுத்தத்தை மட்டுமே குறிக்கும். அதே கேபிளின் சிவப்பு வயரில் கணினியின் யு.எஸ்.பி. போர்ட்டிலிருந்து வரும் 5 வோல்ட் அப்படியே இருக்கும். கேபிளின் மேல் 3.3 என்று படித்துவிட்டுச் சிவப்பு வயரை நம்பி இணைப்பது மிக இயல்பான தவறு. ஆனால் இ.எஸ்.பி.-01 பலகையில் உள்ள சில்லு 3.6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. மேலும், வை-ஃபையில் தகவல் அனுப்பும் நொடிகளில் அதற்குச் சில நூறு மில்லிஆம்பியர் தேவைப்படும். எஃப்.டி.232ஆர் சில்லைக் கொண்ட யு.எஸ்.பி. மாற்றிகளில் 3.3 வோல்ட் முனை ஒன்று இருந்தாலும், அந்தச் சில்லின் உள்ளிருந்து அதற்குக் கிடைப்பது 50 மில்லிஆம்பியர்தான். அதிலிருந்து மின்சாரம் எடுத்தால் பலகை எரியாது. ஆனால் வை-ஃபையை இயக்கும் போதெல்லாம் நின்று நின்று மறுபடி தொடங்கும். மின்னழுத்தத்தை 3.3 வோல்ட்டில் நிலையாக நிறுத்தும் ரெகுலேட்டர் ஒன்றைத் தனியே வைப்பதுதான் வழி.

5 வோல்ட்டில் இயங்கும் அர்டுயினோ ஊனோ பலகையை 3.3 வோல்ட் சிறுபலகையோடு இணைக்கும்போதும் இதே கவனம் வேண்டும். ஊனோ அனுப்பும் வயரில் ஒரு கிலோஓம் மின்தடையைத் தொடராகவும், சிறுபலகையின் பெறும் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே இரண்டு கிலோஓம் மின்தடையையும் வைத்தால், 5 வோல்ட் ஏறத்தாழ 3.3 வோல்ட்டாகக் குறைந்து செல்லும். மறுதிசையில் பொதுவாக எதுவும் தேவைப்படாது.

பழைய ஒன்பது முனைப் போர்ட் இன்னும் பல கல்லூரி ஆய்வகங்களின் மேசைக் கணினிகளில் இருக்கிறது. அதில் தகவல் 0, 5 வோல்ட்களில் செல்வதில்லை. ஒன்று என்பதற்கு எதிர்மின்னழுத்தம், சுழியம் என்பதற்கு நேர்மின்னழுத்தம். அனுப்பும் பக்கத்தில் அளவு 5 முதல் 15 வோல்ட் வரை இருக்கலாம். மைக்ரோகண்ட்ரோலரில் நிலைமை நேரெதிர். அதற்கு ஒன்று என்பது உயர்ந்த மின்னழுத்தம், சுழியம் என்பது கிரவுண்ட். இரண்டுக்கும் இடையில் மேக்ஸ்232 போன்ற மாற்றிச் சில்லு இருந்தே ஆக வேண்டும். அது மின்னழுத்தத்தின் அளவை மட்டுமன்றி, ஒன்று சுழியத்தின் தலைகீழ் நிலையையும் மாற்றித் தருகிறது. 8051 என்னும் மைக்ரோகண்ட்ரோலரின் பயிற்சிப் பெட்டிகளில் அந்தச் சில்லு பலகையிலேயே இருப்பதால் மாணவர் அதைக் கவனிப்பதில்லை. பயிற்சிப் பெட்டியை விட்டுத் தனிச் சில்லுக்கு வரும்போது, பெட்டியில் செருகிய அதே கேபிளை வெட்டி நேராகச் சில்லின் பத்தாம், பதினோராம் முனைகளில் பற்றவைத்துவிடுகிறார். சென்னை ரிச்சி தெருவில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் சில்லு போனால் போகட்டும். தம்மால் இது முடியாது என்று அந்த மாணவர் எண்ணிவிடுகிறாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை.

கிரவுண்ட் இணைப்பு பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. அது இல்லையேல் மற்ற வயர்களில் எத்தனை வோல்ட் என்ற பேச்சுக்கே பொருளில்லை. ஆனால் எந்த வரிசையில் இணைக்க வேண்டும் என்பதைக் கையேடுகள் பெரும்பாலும் சொல்வதில்லை. எர்த் முனை இல்லாத இரு முனைச் சார்ஜரில் ஓடும் மடிக்கணினியின் உடல், சார்ஜருக்குள் இருக்கும் சிறு மின்தேக்கி காரணமாக, நம் 230 வோல்ட் மின்சாரத்தின் பாதி அளவில் மின்னழுத்தம் காட்டுவதாக மீட்டரில் காணலாம். விரல் உரசினால் மெல்லிய அதிர்வு தெரியும் அல்லவா, அதுதான் இது. மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் மனிதருக்குத் தீங்கில்லை. ஆனால் கிரவுண்ட் சேருமுன் தகவல் வயர் பட்டுவிட்டால் அந்தச் சிறு மின்னோட்டம் சில்லின் மென்மையான உள்முனை வழியாகப் பாயும். எனவே கிரவுண்டை முதலில் இணைத்து, கழற்றும்போது கடைசியாகக் கழற்ற வேண்டும். அதேபோல் பலகைக்கு வேறு மின்சாரம் இருக்கும்போது கேபிளின் சிவப்பு வயரை இணைக்கவே கூடாது.

பெயரும் நிறமும் நம்பத் தகாதவை என்றால் மாணவர் எதை நம்புவது? நூற்றைம்பது, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டரை நம்பலாம். சீரியல் வயரில் எதுவும் பேசாத நேரத்திலும் அனுப்பும் முனை சும்மா இருப்பதில்லை. அது உயர்ந்த மின்னழுத்தத்தில் நிற்கும். கருவிக்கு மின்சாரம் கொடுத்து, வேறெதையும் இணைக்காமல், கிரவுண்டுக்கும் அந்த முனைக்கும் இடையே அளந்தால், 3.3 அல்லது 5 வோல்ட் நிலையாகக் காட்டுவது பெரும்பாலும் அனுப்பும் முனை. எதிர்மின்னழுத்தம் காட்டினால் அது ஆர்.எஸ்.-232, மாற்றிச் சில்லின்றித் தொடக் கூடாது. சில பெறும் முனைகளும் உள்ளிருக்கும் பெரிய மின்தடை வழியாக உயர்ந்தே நிற்கும். ஐயம் எழுந்தால் அந்த முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 கிலோஓம் மின்தடை ஒன்றை வைத்து மீண்டும் அளக்க வேண்டும். மின்னழுத்தம் அசையாமல் நின்றால் அது அனுப்பும் முனை; வெகுவாகச் சரிந்தால் பெறும் முனை. கேபிள் நலமாக இருக்கிறதா என்று அறிய, அதன் அனுப்பும் வயரையும் பெறும் வயரையும் ஒன்றோடொன்று இணைத்து, கணினியில் தட்டும் எழுத்து திரும்பி வருகிறதா என்று பார்த்தால் போதும். எழுத்துகள் வருகின்றன, ஆனால் பொருளற்று வருகின்றன என்றால், வயர்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்; வேகத்தைத்தான் சரிபார்க்க வேண்டும். இ.எஸ்.பி.-01 பலகை தொடங்கும் கணத்தில் நொடிக்கு 74880 பிட் என்ற வழக்கத்துக்கு மாறான வேகத்தில் சில வரிகளை அனுப்புவதால், 115200 வேகத்தில் பார்ப்பவருக்கு முதலில் குப்பை எழுத்துகள் தெரியும். அது இணைப்பின் பிழை அன்று.

பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதலே மத்திய அரசுத் திட்டமான அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் வழியாக இத்தகைய பலகைகள் மாணவர் கைகளுக்கு வந்துவிட்டன. அவர்களில் பலர் தமிழில் முதன்முதலாகப் படிக்கும் இணைப்புப் படம் தங்கள் நாளிதழில் வருவதாகவே இருக்கும். ஆகவே இனி வெளியிடும் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு தகவல் வயரின் மேலும் திசையைக் காட்டும் அம்புக்குறி, பக்கத்தில் வோல்ட் அளவு, கிரவுண்ட் வயர் ஆகியவை இடம்பெறும்படி வரைபவரிடம் சொல்ல வேண்டுகிறேன்.

சென்ற வாரப் படத்தைப் பார்த்துப் பொருள்கள் வாங்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக, அடுத்த இணைப்பிலேயே கீழ்க்காணும் திருத்தத்தை வெளியிட்டால் நன்றியுடையவனாவேன்.

'கேபிளின் கறுப்பு வயரைப் பலகையின் கிரவுண்ட் முனையில் முதலில் இணைக்கவும். கணினி அனுப்பும் வயரைப் பலகையின் ஆர்.எக்ஸ். முனையிலும், கணினி பெறும் வயரைப் பலகையின் டி.எக்ஸ். முனையிலும் இணைக்கவும். தகவல் வயர்கள் 3.3 வோல்ட் வகைக் கேபிளுடையவையாக இருக்க வேண்டும். சிவப்பு வயரை எங்கும் இணைக்காமல் டேப் சுற்றி ஒதுக்கவும். 3.3 வோல்ட் ரெகுலேட்டரிலிருந்து பலகையின் மின்முனைக்கும், சில்லை இயங்க வைக்கும் சி.எச்.பி.டி. முனைக்கும் மின்சாரம் கொடுத்து, ரெகுலேட்டரின் கிரவுண்டைக் கறுப்பு வயரோடு சேர்க்கவும். நிரல் ஏற்றும்போது மட்டும் ஜி.பி.ஐ.ஓ.0 முனையைக் கிரவுண்டில் இணைத்து, ஏற்றி முடித்ததும் அந்த இணைப்பை எடுத்துவிட்டு, மின்சாரத்தை ஒருமுறை நிறுத்தி மீண்டும் கொடுக்கவும்.'

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆய்வகப் பயிற்றுநர்,
திருச்சிராப்பள்ளி.